அம்மாவின் வீட்டைக் காலி செய்கிறேன், யாரும் வாங்காத பொருட்களை எங்கே கொடுப்பது?

பதிவு 1 | நல்லம்பள்ளி வீடு

எல்லாருக்கும் வணக்கம். அம்மா தவறி மூணு மாசம் ஆகுது. தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளிப் பக்கம் கிராமத்துல இருக்கிற வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு தம்பியும் நானும் பேசி முடிச்சோம். எனக்கு ஓசூர்ல வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் ஊருக்கு வர முடியும். பீரோ, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் தங்கச்சியும் சித்தியும் எடுத்துக்கிட்டாங்க. யாருக்கும் வேண்டாம்னு மிஞ்சினது திண்ணை முழுக்கக் கிடக்குது.

அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 14 இன்ச், ஓடலை. இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு, செத்துப்போச்சு. ஃபியூஸ் போன டியூப் லைட் ஆறு, சி.எஃப்.எல். பல்பு ஒரு அட்டைப்பெட்டி நிறைய. தண்ணி வடிகட்டற ஆர்.ஓ. மெஷின், அதோட பழைய ஃபில்டர் கேண்டில் எல்லாத்தையும் அம்மா தூக்கிப் போடாம அடுக்கி வச்சிருக்காங்க. ஆட்டுக்கல். இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு. வாக்கர், கமோடு வச்ச நாற்காலி, காத்து அடைக்கிற மெத்தை. ஒரு பை நிறைய மாத்திரை, இன்சுலின் ஊசி. சாமி படம் பதினாலு, அதுல பாதி கண்ணாடி விரிசல். சேலைங்க. சிக்கு வாடை வர்ற கடலை எண்ணெய் ரெண்டு கேன்.

பக்கத்து வீட்டுக்காரர், "ராத்திரியில டெம்போ வச்சு ஏரிக்கரையில தட்டிடுங்க, எல்லாரும் அங்கதான் போடறாங்க"ன்னார். போய்ப் பார்த்தேன். உடைஞ்ச பிக்சர் டியூபு, மெத்தை, மருந்து பாட்டில். மழை பெஞ்சா அந்த ஏரி ஊறித்தான் எங்க கிணத்துக்குத் தண்ணி வரும். அங்க கொண்டு போய்ப் போட மனசு வரலை. எதை யார்கிட்ட கொடுக்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. காசு வேண்டாம், ஒழுங்கா ஒரு இடத்துக்குப் போனால் போதும்.

பதிவு 2 | காரிமங்கலம் இரும்புக்கடை

அண்ணா, அம்மா விஷயம் படிச்சு வருத்தமா இருக்குது. நான் பழைய இரும்புக் கடை வச்சிருக்கேன். எங்க அப்பா சைக்கிள்ல "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்"னு கூவிக்கிட்டு ஊர் ஊரா போனவர். அதனால எது ஓடும், எது ஓடாதுன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

எங்க தொழில்ல எடைதான் கணக்கு. இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், அட்டை, பேப்பர், பக்கெட்டு பிளாஸ்டிக் எல்லாம் ஓடும். எல்லா பிளாஸ்டிக்கும் ஒண்ணு இல்லை. குக்கர் கைப்பிடி, பழைய கறுப்பு சுவிட்ச், மெலமைன் தட்டு இதெல்லாம் சூடு பண்ணினா உருகாது, கருகும். அதனால எவனும் வாங்க மாட்டான். தெர்மாகோல் ஒரு டெம்போ நிறைய ஏத்தினாலும் எடை நிக்காது, உள்ளே முக்காலே மூணு வீசம் காத்து.

உங்க டிவியை ஒரு பையன் வந்து நூறு ரூபாய்க்குக் கேப்பான். கொடுத்துடாதீங்க. அவனுக்கு வேண்டியது உள்ளே இருக்கிற செம்புக் கம்பியும் போர்டும்தான். பிக்சர் டியூபோட கழுத்தை உடைச்சுக் கம்பியை உருவிட்டு, கண்ணாடியை ஏரிக்கரையிலேயே விட்டுட்டுப் போயிடுவான். நீங்க பார்த்த குப்பை அப்படி வந்ததுதான். எங்க தொழில்ல இருக்கிறவங்களே செய்யறது, மறைச்சுப் பேசறதுக்கு ஒண்ணும் இல்லை. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கறதும் அப்படித்தான். என் கடையில கத்தியில சீவித்தான் எடுக்கறோம், நேரம் ஆகும், ஆனா அந்தப் புகையை மூச்சுல இழுத்து எங்க பெரியப்பா பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன்.

டிவியை உடைக்காம முழுசா வைங்க. வழி இருக்குதான்னு நான் விசாரிச்சுச் சொல்றேன்.

பதிவு 3 | பென்னாகரம் மின்வேலை

இரும்புக்கடை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் டிவி மெக்கானிக்கா இருந்து இப்போ வயரிங் வேலை செய்யறேன். 2006-ல் ஆரம்பிச்ச அந்த இலவச டிவித் திட்டத்துல வந்த செட்டு எத்தனையோ என் கையில வந்து போயிருக்கு. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒண்ணு பரண் மேல கிடக்குது. யாரும் இதுவரைக்கும் அதைப்பத்தி யோசிக்கலை.

பிக்சர் டியூபோட பின்பக்கம் புனல் மாதிரி இருக்கிற கண்ணாடியில ஐந்துல ஒரு பங்குக்கு மேல ஈய ஆக்சைடு. முன்பக்கத் திரைக்கு உள்ளே பூசியிருக்கிற வெள்ளைப் பொடியும் மூச்சுல போகக்கூடாதது. உள்ளே காத்தை முழுக்க உறிஞ்சி அடைச்சிருக்கிறதால, தப்பா அடி விழுந்தா உள்நோக்கி நொறுங்கி, சில்லு நாலாபக்கமும் தெறிக்கும். சின்னப் பசங்க கல்லால அடிச்சு விளையாடறதைப் பார்த்திருக்கேன், வயிறு கலங்கும்.

ஆனா உங்க டிவி நிஜமாவே செத்துப்போச்சான்னு முதல்ல பார்க்கணும். இந்த மாடல்ல பாதிக்கு மேல, போர்டுல ஈயம் வச்சு ஒட்டின சால்டர் காய்ஞ்சுபோன கோளாறுதான். படம் ஒரே ஒரு வெள்ளைக் கோடா வருதா, இல்ல சுத்தமா ஒண்ணுமே வரலையா? கோடா வந்தா சரி பண்ணிடலாம். செட்டப் பாக்ஸோட மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை மாட்டினா தோட்டத்துக் காவல் குடிசைக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். நீங்களா மட்டும் பின்மூடியைக் கழட்டாதீங்க.

பேட்டரி பத்தி. அது குப்பையே இல்லை, எடையில பாதிக்கு மேல ஈயம். பேட்டரி விற்கிற கடையில புதுசு வாங்கறப்போ பழசைக் கழிச்சுக்குவாங்க. புதுசு வேண்டாம்னாலும் விலை கேட்டு அங்கேயே கொடுங்க. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி, பழசைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பற பொறுப்பு தயாரிக்கிறவங்களோடது. ஒரே ஒரு விஷயம்: "ஆசிட்டைக் கொட்டிட்டுக் கொண்டாங்க"ன்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட கொடுக்கவே வேண்டாம். அந்த ஆசிட்டுல ஈயம் கரைஞ்சிருக்கும். படுக்க வைக்காம, நிக்க வச்சபடியே ரெண்டு பேரா தூக்குங்க, அம்பது கிலோவுக்கு மேல வரும்.

பதிவு 4 | கிருஷ்ணகிரி செவிலி

நான் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் செவிலி. உங்கள் பட்டியலில் வாக்கர், கமோடு நாற்காலி, காற்று மெத்தை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கமோடு நாற்காலி இல்லாததால் இரவில் எழுந்து போய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்று மெத்தை இருந்தால் முதுகில் புண் வராமல் தடுக்க முடியும். வாங்க வசதியில்லாத வீடுகள் எவ்வளவோ.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வீட்டுக்கே ஆள் வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், "வலி தணிப்பு செவிலியர் யாருங்க"என்று கேளுங்கள். எந்த வீட்டில் எது தேவை என்பது அவருக்கு வீட்டு நம்பரோடு தெரியும். பிரிக்காத பெரியவர் டயப்பர் பாக்கெட் இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் வாக்கரின் நான்கு கால் ரப்பரையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், வழுக்கும் வாக்கர் இல்லாததைவிட மோசம். உயரம் மாற்றும் பொத்தான் நான்கும் ஒரே அளவில் மாட்டுகிறதா என்றும் பாருங்கள். நாற்காலியை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவி ஒரு நாள் முழுக்க வெயிலில் வையுங்கள். காற்று மெத்தையில் காற்றடைத்து ஒரு இரவு விட்டுப் பார்த்தால் ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும் கடையிலேயே சில ஓட்டைகளை ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் இரக்கம் வேண்டாம். பாதி அட்டையை "பிரஷர் மாத்திரைதானே" என்று பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் கொடுக்காதீர்கள். கழிவறையிலும் கிணற்றிலும் கொட்டாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, பிழிந்த டீத்தூளோடு கலந்து, மூடி இறுக்கமான டப்பாவில் அடைத்து, மேலே "காலாவதி மருந்து" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். ஆடு மாடு, நாய், குழந்தை எதுவும் வாய் வைக்கக் கூடாது என்பதற்குத்தான் டீத்தூள். இன்சுலின் ஊசியைக் கவரில் போட்டுவிடாதீர்கள். துணி துவைக்கும் திரவம் வருமே, அந்தக் கெட்டி கேனில் போட்டு மூடியை டேப் சுற்றி ஒட்டி, "ஊசி" என்று பெரிதாக எழுதுங்கள்.

பதிவு 5 | நல்லம்பள்ளி வீடு

அக்கா, ரொம்ப நன்றி. வாக்கரை நேத்தே கழுவி வெயில்ல வச்சேன். ரெண்டு கால் ரப்பர் தேய்ஞ்சிருக்கு, ஓசூர்ல வாங்கிட்டு வர்றேன்.

டிவி போட்டுப் பார்த்தேன். கோடு வரலை, சத்தம் மட்டும் கர்ருன்னு வருது, திரை கறுப்பு.

மெத்தை பத்தித்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. ஒண்ணு நல்லா இருக்கு. இன்னொண்ணுலதான் அம்மா கடைசி எட்டு மாசம் படுத்திருந்தாங்க. சுடுகாட்டுல போட்டுடணும்னு சித்தி சொன்னாங்க, அன்னைக்கு இருந்த நிலையில யாரும் எடுக்கலை. இப்போ அதைப் பார்க்கவும் முடியலை, போடவும் முடியலை.

பதிவு 6 | அரூர் ஆசிரியை

தம்பி, என் கணவர் படுத்திருந்த மெத்தையை வைத்துக்கொண்டு நானும் ஒரு வருடம் அப்படித்தான் நின்றேன். இலவம்பஞ்சு மரத்தில் காய்த்தது. அதை மண்ணுக்குக் கொடுத்துவிடலாம். நான் உறையைப் பிரித்துத் தனியாக எடுத்துவிட்டு, பஞ்சை வீட்டுக்குப் பின்னால் தென்னைக்குக் குழி வெட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மேலே அரை அடி மண் மூடினேன். தண்ணீர் தெளிக்காவிட்டால் ஊரெல்லாம் பறக்கும். பஞ்சில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் மக்குவதற்கு நாள் ஆகும், அவசரப்படக் கூடாது. அந்தத் தென்னை இப்போது என் உயரத்துக்கு வந்திருக்கிறது.

நல்ல மெத்தையைப் பிரித்து, பஞ்சை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அடித்துக் கட்டி உடைத்தால் மறுபடியும் பூத்துவிடும். பஞ்சு அடித்து மெத்தை தைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பஞ்சில் தூசியாகப் போவது போக, ஒரு இரட்டை மெத்தைக்கு ஒற்றை மெத்தையும் இரண்டு தலையணையும் தேறும். ஸ்பாஞ்ச் மெத்தை என்றால் இந்த வழி கிடையாது, அதை எங்கே கொண்டுபோனாலும் அப்படியேதான் கிடக்கும்.

சேலைகளைப் பிரித்து வையுங்கள். நைந்த பருத்திச் சேலையைத் தூளி கட்ட எடுத்து வையுங்கள். புதுத் துணியைவிடப் பழைய பருத்தி குழந்தையின் உடம்புக்கு இதம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் ஊரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள், கேட்டுக் கொடுங்கள். பட்டு இருந்தால், ஜரிகை அசல்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, அதற்காகவே பழைய பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாமி படங்களைச் சட்டத்திலிருந்து பிரியுங்கள். கண்ணாடி முழுசாக இருந்தால் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வாங்கிக்கொள்வார்கள், சின்ன அளவுக்கு அறுத்துப் பயன்படுத்துவார்கள். மரச்சட்டம் பழைய தேக்காக இருந்தால் அதையும் கேட்பார்கள். படத்தின் காகிதத்தை மஞ்சள் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, துளசி மாடத்திலோ மரத்தடியிலோ ஊற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பதிவு 7 | தீர்த்தமலை அடிவாரம்

டீச்சர், மத்ததெல்லாம் ஒத்துக்கறேன். சாமி படத்தைக் கூழாக்கறதுங்கிறது எனக்கு மனசு ஒப்பலைங்க. எங்க வீட்டுல பரம்பரையா அனுமன் தீர்த்தத்துல ஆத்துல விடறதுதான் வழக்கம். முடியாதவங்க அரச மரத்தடியில வைக்கறாங்க. கும்பிட்ட படத்தைக் கையால பிசையறதா?

பதிவு 8 | தூய்மைப் பணி மேற்பார்வை

ஐயா, நான் உங்க நம்பிக்கையைக் குறை சொல்ல வரலை. நானும் சாமி கும்பிடறவன்தான். ஒரு நகராட்சியில தூய்மைப் பணியாளர்களை மேற்பார்க்கற வேலையில இருக்கேன். நீங்க அரச மரத்தடியில வைக்கற படம் அங்கேயே இருக்கறதில்லைங்க. காத்துல விழுந்து கண்ணாடி உடையும். வாராவாரம் எங்க தூய்மைப் பணி அம்மாங்கதான் அதை அள்ளறாங்க. போன தை மாசம் ஒரு அம்மாவுக்கு உள்ளங்கை கிழிஞ்சு ஆறு தையல். அவங்க அதே படத்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கூடையில போட்டாங்க. ஆத்துல விடற படம், ஆடிப் பதினெட்டுக்குக் குளிக்க வர்ற பிள்ளைங்க காலைத்தான் கிழிக்கும்.

கண்ணாடியையும் ஆணியையும் மட்டுமாவது கழட்டிடுங்க. காகிதத்தை ஆத்துல விடறதா, மண்ணுல விடறதாங்கிறது அவங்கவங்க விருப்பம்.

பதிவு 9 | தீர்த்தமலை அடிவாரம்

கை கிழிஞ்ச விஷயம் எனக்குத் தெரியாதுங்க. இனிமே சட்டமும் கண்ணாடியும் கழட்டாம எங்க வீட்டுலருந்து ஒரு படம் வெளியே போகாது. காகிதத்தை மட்டும் ஆத்துலதான் விடுவேன், அது எங்க அப்பா செஞ்சது.

பதிவு 10 | ஓசூர் ரெண்டாம் ஷிஃப்ட்

எல்லாம் படிச்சேன். எனக்கு ஒரு ஆதங்கம். ஒரு டிவியை, ஆறு டியூப் லைட்டை ஒழிக்க ஒரு மனுஷன் நாலு ஞாயித்துக்கிழமை அலையணுமா? வாங்கறப்போ கடை வீட்டு வாசலுக்கே வருது, ஒழிக்கறப்போ மட்டும் ஏன் ஒருத்தரும் வர்றதில்லை? இதை நாமளே இழுத்துப் போட்டுச் செய்யச் செய்ய, செய்ய வேண்டியவங்க தப்பிச்சுக்கறாங்கன்னு தோணுது.

பதிவு 11 | தூய்மைப் பணி மேற்பார்வை

தம்பி, கேள்வி நியாயமானது. 2016-ல் வந்த திடக்கழிவு விதியிலேயே எழுதியிருந்தாங்க: பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல்., டியூப் லைட், காலாவதி மருந்து, பாதரச தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி, இதெல்லாம் வீட்டு அபாயக் கழிவு. இதைச் சேகரிக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைக்கணும்னு அதுலயே சொல்லியிருந்தாங்க. மின்னணுப் பொருளுக்குத் தனி விதி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு, அதுலயும் தயாரிக்கிறவங்களுக்குத்தான் பொறுப்பு. ஆகவே கேளுங்க. கிராம சபையில மனுவா எழுதிக் கொடுங்க, "எங்க பகுதிக்கு அபாயக் கழிவு வாங்கற இடம் எது"ன்னு. எழுத்துல கேட்டாத்தான் பதில் எழுத்துல வரும்.

ஆனா கேட்டு வர்ற வரைக்கும் அந்த டியூப் லைட் யார் கையிலயாவது உடையத்தான் போகுது. சி.எஃப்.எல்., டியூப் லைட் ரெண்டுக்குள்ளயும் பாதரசம் இருக்கு, ஒரு பல்புல சில மில்லிகிராம்தான், ஆனா எங்க வண்டியில நூறு பல்பு ஒண்ணா நசுங்கும். டியூபை அது வந்த அட்டை உறையிலேயே திரும்பச் சொருகி, இல்லைன்னா பேப்பர் சுத்தி, செங்குத்தா ஓரமா வைங்க. வீட்டுக்குள்ள உடைஞ்சா விளக்குமாறு எடுக்காதீங்க, பொடி பறக்கும். ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைச்சு, பத்து நிமிஷம் எல்லாரும் வெளியே போங்க. அப்புறம் கெட்டி அட்டையால வழிச்சு, மிச்சத்தை செல்லோ டேப்ல ஒத்தி எடுத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்ல வைங்க.

பதிவு 12 | பாலக்கோடு தோட்டம்

நல்லம்பள்ளி அண்ணா, அந்த ஆர்.ஓ. மெஷினை எடைக்குப் போடாதீங்க. உள்ளே ஒரு குட்டி பம்ப் இருக்கும், 24 வோல்ட், அதோட அடாப்டர். ரெண்டும் உயிரோட இருந்தா எனக்கு வேணும். தக்காளி, மிளகாய் நாத்து ட்ரேக்குப் பனி மாதிரித் தண்ணி தெளிக்க அதைத்தான் பயன்படுத்தறேன், ரெண்டு வருஷமா ஓடுது. தண்ணியை வடிகட்டற சுருளான மெம்பரேனை அறுத்தீங்கன்னா உள்ளே சுருட்டின பிளாஸ்டிக் வலை வரும். தொட்டி ஓட்டையில மண் போகாம இருக்க அது நல்லா உதவும்.

நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை இருந்தாலும் நான் எடுத்துக்கறேன். கடலைக் காட்டுக்குப் பன்னி வராம சுத்திக் கட்டறோம். கிழிஞ்சு தொங்கறதுக்கு முன்ன அவுத்துடணும், மண்ணுல நூல் நூலா புதைஞ்சா எடுக்கவே முடியாது. எங்க பக்கத்துக் காட்டுல அப்படி விட்டு, ஏர் ஓட்டறப்போ கொழுவெல்லாம் சுத்திக்குது.

பதிவு 13 | அரூர் ஆசிரியை

ஆர்.ஓ. என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வகுப்பில் சிரிக்கும் பிள்ளைகளின் பல்லில் இருக்கும் கறையைப் பார்த்தே எந்தக் கிராமம் என்று சொல்லிவிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது அதற்காகத்தான். இன்னும் போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடிகட்டும் வீடுகளில், வெளியே போகும் கழிவு நீரை மாட்டுத் தொட்டிக்கு விடுகிறார்கள். வடிகட்டி எடுத்த ஃபுளோரைடு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. மாட்டுக்கும் எலும்பும் பல்லும் உண்டு. தரை துடைக்க, கழிவறைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி எண்ணெய். ஒரு கேனில் விளக்கு எண்ணெய் என்று எழுதிவிடலாம், சிக்கு வாடை விளக்குக்குத் தெரியாது. இன்னொரு கேனைச் சோப்பு ஆக்கலாம். எடை போட்டுத்தான் செய்ய வேண்டும், லிட்டர் கணக்கு கூடாது, ஏனென்றால் 1 லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவுதான் நிற்கும். 1 கிலோ கடலை எண்ணெய்க்கு 128 கிராம் காஸ்டிக் சோடா, 300 கிராம் தண்ணீர். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்துவிடும். எவர்சில்வர் போதும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, திறந்த வெளி, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாத நேரம். ஆறிய கரைசலை எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை ஒரே பக்கமாகக் கிண்டி, பால் கவர் விரித்த டப்பாவில் ஊற்றி, இரண்டு நாள் கழித்துத் துண்டு போட்டு, ஆறு வாரம் காற்றாட வைத்துவிடுங்கள். தரைக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும் அருமையாக இருக்கும். உடம்புக்கு வேண்டாம்.

பதிவு 14 | கிருஷ்ணகிரி செவிலி

டீச்சரம்மா, அந்த 128 கிராமில் ஒரு பத்து கிராம்கூட ஏறிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். காஸ்டிக் கண்ணில் பட்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பட்டால் உடனே குழாயைத் திறந்து இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி.

ஆட்டுக்கல்லுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் பறவைக்குத் தண்ணீர் வைக்க முற்றத்தில் போட்டிருக்கிறோம். ஆனால் வாரம் இரண்டு முறை முழுக்கக் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் டெங்கு கொசு முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். குழவியை எடுத்துவிட்டால் குழி ஆழமாக இருக்கிறது, அணில் விழுந்தால் ஏற முடியாது, ஒரு கல் போட்டு வையுங்கள்.

பதிவு 15 | காரிமங்கலம் இரும்புக்கடை

விசாரிச்சுட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட பட்டியல்ல இருக்கிற, அனுமதி வாங்கின மின்னணுக் கழிவு ஆள் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன். ஒரு டிவிக்கு வண்டி வராது, அது அவருக்குக் கட்டுப்படி ஆகாது. ஒரு டெம்போ லோடு சேர்ந்தா வர்றேன்னு சொல்லிட்டார். உடையாத டிவி, கம்ப்யூட்டர் மானிட்டர், செட்டப் பாக்ஸ், பழைய செல்போன், சார்ஜர், கெட்டுப்போன இலவச லேப்டாப், மிக்ஸி எல்லாம் எடுத்துக்குவார். பல்பும் டியூப் லைட்டும் எடுக்கற ஆள் வேற, அவர்கிட்டயும் பேசியிருக்கேன், தனிப் பெட்டியில கட்டி வைக்கச் சொன்னார்.

என் கடைக்குப் பின்னால ஷெட்டு காலியாத்தான் இருக்குது, மழை ஒழுகாது. சுத்துப்பட்டுல யார் வேணும்னாலும் கொண்டாந்து வைங்க, எழுதி வச்சுக்கறேன். எனக்கு வாடகையோ பங்கோ வேண்டாம். இதுவரைக்கும் நாலு டிவி வந்திருக்கு. இன்னும் குறைஞ்சது இருபது சேரணும்.

பதிவு 16 | நல்லம்பள்ளி வீடு

அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன்.

வாக்கரும் நாற்காலியும் இண்டூர் பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிடுச்சு. செவிலியர்தான் கூட்டிட்டுப் போனாங்க. காத்து மெத்தையில ஒரு ஓட்டை, ஒட்டிட்டோம். அது யாருக்குன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. பேட்டரியைக் கடையில கொடுத்ததுல வந்த காசு, வாக்கர் ரப்பருக்கும் டெம்போ வாடகைக்கும் சரியாப் போச்சு. சாமி படத்துல கண்ணாடி அஞ்சு முழுசா இருந்தது, சட்டம் போடற கடைக்காரர் வாங்கிக்கிட்டார். அம்மா தினமும் பொட்டு வச்ச முருகர் படத்தை மட்டும் என்னால பிரிக்க முடியலை, ஓசூருக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

மெத்தை. டீச்சரம்மா சொன்ன மாதிரி சித்தியும் நானும் சேர்ந்து உறையைப் பிரிச்சோம். சித்தி முதல்ல வரமாட்டேன்னாங்க, அப்புறம் அவங்களே தண்ணி தெளிச்சாங்க. வீட்டுக்குப் பின்னால எலுமிச்சைக்குக் கீழ போட்டு மூடிட்டோம். வாடகைக்கு வர்றவங்ககிட்ட அந்த இடத்தைத் தோண்டாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

எண்ணெயைச் சோப்பு பண்ண எனக்குத் தைரியம் வரலை, ரெண்டு கேனையும் மாரியம்மன் கோயில் விளக்குக்குக் கொடுத்துட்டேன். ஆட்டுக்கல் அங்கேயே முற்றத்துல இருக்கட்டும்.

ஊசி கேனையும் மருந்து டப்பாவையும் தூய்மைக் காவலர் கையிலயே எழுதிக் காட்டிக் கொடுத்தேன். "இப்படித் தனியா கட்டிக் கொடுத்தது நீங்கதான்"ன்னு சொன்னாங்க. அபாயக் கழிவு மையம் எங்கேன்னு ஊராட்சிக்கு மனு எழுதிப் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரலை.

மிச்சம் டிவி ஒண்ணு, டியூப் லைட் ஆறு, சி.எஃப்.எல். ஒரு பெட்டி. வர்ற ஞாயிறு காலையில காரிமங்கலம் கொண்டு வர்றேன். தெருவுல கேட்டதுல இன்னும் மூணு வீட்டுல டிவி இருக்குன்னு சொன்னாங்க, அதையும் சேர்த்தே ஏத்தறேன். பாலக்கோடு அண்ணா, பம்ப் ஓடுது, அடாப்டரும் சரியா இருக்கு. சேலை ஒன்பது. எங்க கொடுக்கட்டும்?

பதிவு 17 | பாலக்கோடு தோட்டம்

காரிமங்கலத்துக்கே வந்துடறேன் அண்ணா. எங்க வீட்டுப் பரண்லயும் ஒரு டிவி இருக்கு, பெரியம்மா வீட்டுல ஒண்ணு. ரெண்டையும் தக்காளி ட்ரேக்கு நடுவுல வைக்கோல் வச்சுக் கட்டி எடுத்துட்டு வர்றேன்.

பதிவு 18 | காரிமங்கலம் இரும்புக்கடை

வாங்க. திரைப் பக்கம் கீழ பார்க்கிற மாதிரி, மெத்துன்னு ஏதாவது விரிச்சு வைங்க. அப்படி வச்சாத்தான் வேகத்தடையில கழுத்து உடையாது. டியூப் லைட்டை டிவி பக்கத்துல வைக்காதீங்க, தனியா ஒருத்தர் மடியில பிடிச்சுக்கிட்டு வாங்க. பத்து மணிக்கு ஷெட்டைத் திறந்து வைக்கறேன்.